ஸ்க்ராப் வேல்யூ: அந்த 'எஸ்' எங்கிருந்து வருகிறது?

இன்ஜினியரிங் எகனாமிக்ஸ் பேப்பரில் நம்ம எல்லாருக்கும் இரண்டு மார்க் நிச்சயம் தரும் ஒரு கணக்கு உண்டு. "ஒரு இயந்திரத்தின் விலை 5,00,000 ரூபாய், ஆயுள் 10 வருடம், ஸ்க்ராப் வேல்யூ 50,000 ரூபாய். வருடாந்திர தேய்மானம் என்ன?" பி மைனஸ் எஸ், கீழே என். விடை 45,000. பேனாவை மூடிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம்.

இதில் 'பி' எங்கிருந்து வந்தது என்று தெரியும், பில் இருக்கும். 'என்' ஓரளவு தெரியும், அனுபவத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த 'எஸ்'? அதை யார் சொன்னார்கள்? எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நாலு வருஷத்தில் யாரும் நமக்கு அதைச் சொல்லவில்லை. கேள்வித்தாளே கொடுத்துவிடுகிறது.

இந்தக் கட்டுரையில் அந்த ஒரு எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு லேத் மெஷின் வேண்டாம், அடிபட்ட ஒரு பயணிகள் கப்பலை எடுப்போம். எங்க செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்தில் நின்று பார்த்தால் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் தெரியும், இங்கே உட்கார்ந்துகொண்டு கப்பல் எதற்கு என்று கேட்பீர்கள். 'எஸ்' என்கிற எழுத்துக்குள் இருக்கும் எல்லாமே கப்பலில் பெரிய சைஸில் கண்ணுக்குத் தெரியும். அதற்காகத்தான்.

முதலில் ஒரு பட்டுப்புடவை

கப்பலுக்குப் போகும் முன் காஞ்சிபுரத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம். பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் வீட்டு வாசலுக்கு வருவார். பாட்டியின் கல்யாணப் புடவையை எடுத்துக் கொடுத்தால் அவர் கலரைப் பார்க்க மாட்டார், பேட்டு எவ்வளவு அழகு என்று சொல்ல மாட்டார், நடுவில் கிழிந்திருந்தாலும் கவலைப்பட மாட்டார். அவர் கண் ஜரிகை மேல்தான். அசல் வெள்ளி ஜரிகையா என்று உரசிப் பார்ப்பார், எடை போடுவார், ஒரு விலை சொல்வார். புடவை எரிந்து பட்டு சாம்பலான பிறகும் வெள்ளி மிஞ்சும் என்று அவருக்குத் தெரியும்.

இதில் மூன்று பாடம் இருக்கிறது. ஒன்று, ஸ்க்ராப் விலை பொருளின் பயனுக்கான விலை இல்லை, உள்ளே இருக்கும் உலோகத்துக்கான விலை. இரண்டு, கிழிசல் உலோகத்தின் எடையைக் குறைப்பதில்லை. மூன்று, அவர் சொல்லும் விலை வெள்ளியின் முழு விலை இல்லை. எரிக்க, உருக்க, சுத்தம் பண்ண ஆகும் செலவையும் தன் லாபத்தையும் கழித்துவிட்டுத்தான் சொல்வார்.

ஆக முதல் ஃபார்முலா இப்படி வருகிறது:

எஸ் = (உலோக எடை × உலோக விலை) − அந்த உலோகத்தைக் கைக்குக் கொண்டுவர ஆகும் செலவு

அவ்வளவுதான். இனி கட்டுரை முழுக்க இந்த ஒரு வரியைத்தான் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

சிதம்பரம் என்று ஒரு கப்பல்

விமான டிக்கெட் எட்டாத காலத்தில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழர்கள் கப்பலில்தான் போனார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் கிளாங், சிங்கப்பூர் என்று போகும். முதலில் 'ரஜூலா'. 1926-இல் கட்டப்பட்டது, ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது, 1970-களில் பம்பாயில் உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு இந்தியக் கப்பல் கழகம் கொண்டுவந்தது 'எம்.வி. சிதம்பரம்'. 1966-இல் பிரான்ஸில் 'பாஸ்டர்' என்ற பெயரில் கட்டப்பட்ட கப்பல் அது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது அந்தக் காலத்தில் சிங்கப்பூர் போயிருந்தால் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கதை வரும்.

1984 பிப்ரவரியில் நடுக்கடலில் சிதம்பரத்தில் தீப்பிடித்தது. பயணிகள் பலர் இறந்தார்கள். கப்பல் மூழ்கவில்லை. ஆனால் மறுபடி அந்தப் பாதையில் ஓடவும் இல்லை. 1985-இல் பம்பாயில் அதையும் உடைத்துவிட்டார்கள். ரஜூலா வயதாகி அங்கே போனது, சிதம்பரம் இருபது வயதைத் தொடும் முன்பே போனது.

தீயில் அடிபட்ட கப்பலை வைத்துக்கொண்டு எந்த உரிமையாளரும் போடும் கணக்கு ஒன்றுதான்: ரிப்பேர் செலவு, ரிப்பேர் ஆன பிறகு கப்பலுக்குக் கிடைக்கும் மதிப்பைத் தாண்டுகிறதா? தாண்டினால் கப்பல் கண்ணெதிரே மிதந்துகொண்டிருந்தாலும் இன்சூரன்ஸ் கணக்கில் அது 'முழு நஷ்டம்'தான். நம்ம 1963-ஆம் வருட கடல்சார் காப்பீட்டுச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு கப்பல் கப்பலாக இருப்பதில்லை. ஊர் வழக்கில் சொன்னால் பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய இரும்பு.

எடை எவ்வளவு? டன்னை நம்பாதீங்க

இப்போ ஃபார்முலாவின் முதல் பகுதி, எடை. சிதம்பரத்தின் பதிவில் மொத்த டன்னேஜ் ஏறக்குறைய 18,000 என்று இருக்கும். உடனே 18,000 டன் இரும்பு என்று பெருக்கினால் போச்சு. அந்த 'டன்' எடையே இல்லை, கன அளவு. ஒரு மொத்தப் பதிவு டன் என்றால் 100 கன அடி இடம். கப்பலுக்குள் எவ்வளவு இடம் அடைபட்டிருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. இன்னொரு டன் இருக்கிறது, டெட்வெயிட். அது கப்பல் எவ்வளவு சுமக்கும் என்பதற்கு. ஸ்க்ராப் வாங்குகிறவருக்கு இரண்டும் வேண்டாம். அவருக்கு வேண்டியது லைட்வெயிட். சரக்கு, எரிபொருள், தண்ணீர், ஆட்கள் எதுவும் இல்லாத வெறும் கப்பலின் எடை. வியாபாரத்தில் எல்.டி.டி. என்பார்கள். உடைக்கும் கப்பலுக்கு உலகம் முழுக்க விலை பேசுவது ஒரு எல்.டி.டி.-க்கு இத்தனை டாலர் என்றுதான்.

கப்பலைத் தராசில் வைக்க முடியாது. ஆனால் கடலே தராசு. முதல் செமஸ்டரில் மறந்துபோன ஆர்க்கிமிடீஸ் இங்கே உதவிக்கு வருகிறார். ஒரு கற்பனை ஃபெரியை எடுத்துக்கொள்வோம். நீளம் 100 மீட்டர், அகலம் 18 மீட்டர், தண்ணீருக்குள் இருக்கும் ஆழம் (டிராஃப்ட்) 4 மீட்டர். கப்பலின் அடிப்பகுதி முழுப் பெட்டி இல்லை, முன்னும் பின்னும் குறுகும். அதற்கு ஒரு குணகம் 0.55 என்று வைப்போம். கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.025 டன்.

100 × 18 × 4 × 0.55 × 1.025 = 4,059 டன்

இது கப்பலும் உள்ளே இருப்பதும் சேர்த்து. டாங்குகளை அளந்து பார்த்து எரிபொருள், குடிநீர், பல்லாஸ்ட் எல்லாம் 559 டன் என்று தெரிந்தால், எல்.டி.டி. 3,500. டன்னுக்கு 400 டாலர் என்று வைத்தால் 14,00,000 டாலர். இது ஆரோக்கியமான கப்பலின் கணக்கு.

இப்போ அதே ஃபெரி அடிபட்டது. ஓட்டை வழியாக ஒரு அறையில் 600 டன் தண்ணீர் புகுந்து நிற்கிறது. டிராஃப்ட் 4 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 4.59 மீட்டருக்கு இறங்கும். உள்ளே போய்ப் பார்க்காமல் வெளியே டிராஃப்ட் கோட்டை மட்டும் படித்து, அதே 559-ஐக் கழித்தால் 4,100 எல்.டி.டி. என்று வரும். 600 டன் கடல்தண்ணீருக்கு 2,40,000 டாலர் கொடுத்திருப்பீர்கள்!

இது கற்பனைப் பயம் இல்லை. தென்கொரியாவின் செவோல் ஃபெரி 2014 ஏப்ரல் 16-இல் கவிழ்ந்தது. 304 பேர் போனார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். 2017-இல் அதைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தபோது சேறும் தண்ணீரும் சேர்ந்து எடை ஏறக்குறைய 17,000 டன் என்று கணக்கிட்டார்கள். கப்பலின் சொந்த எடை அதில் பாதிகூட இல்லை. அந்தக் கப்பலை அவர்கள் இரும்பு விலைக்குப் போடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோக்போ துறைமுகத்தில் நிறுத்திவைத்து விசாரித்தார்கள், தேடினார்கள். சில பொருளுக்கு 'எஸ்' போடுவதே தப்பு.

தீயும் ஓட்டையும் இரும்பை என்ன செய்யும்?

சாதாரண எஃகு 500, 600 டிகிரி செல்சியஸில் தன் வலிமையில் பாதியை இழந்து வளைய ஆரம்பிக்கும். ஆனால் உருக 1,500 டிகிரி பக்கம் வேண்டும். அதனால் தீப்பிடித்த கப்பலில் இரும்பு எங்கேயும் போய்விடாது. தளங்கள் நெளிந்து, சுவர்கள் கோணலாகி நிற்கும். எடை அப்படியே இருக்கும்.

அப்போ விலை குறையாதா? குறையும், வேறு வழியில். நம்ம ஊர் உடைக்கும் தளங்களில் கப்பல் தகட்டை எப்போதும் உருக்குவதில்லை. நேரான, தடிமனான தகடுகளைக் கீற்றாக வெட்டி, சூடாக்கி, உருட்டாலையில் அப்படியே கம்பியாக உருட்டுவார்கள். உருக்கும் செலவு மிச்சம், அதனால் அந்தத் தகட்டுக்கு விலை அதிகம். நெளிந்து, முறுக்கி, துருவில் மெலிந்த தகடு உருக்காலைக்குத்தான் போகும். விலை கம்மி. இரண்டும் ஒரே எடை, ஒரே இரும்பு, ஆனால் தரம் வேறு.

பயணிகள் கப்பலில் இன்னொரு விஷயம். சரக்குக் கப்பலில் பெரும்பகுதி தடித்த தகடு. ஃபெரியிலும் சொகுசுக் கப்பலிலும் கேபின், மரம், கம்பளம், கண்ணாடி, இன்சுலேஷன் என்று இரும்பு இல்லாத எடை நிறைய. புடவையில் பட்டு மாதிரி. இதில் சிலது தனியாக விலைபோகும். குஜராத்தில் அலங் போகும் ரோட்டோரக் கடைகளில் கப்பல் கட்டில், மெத்தை, சமையல் பாத்திரம், நாற்காலி எல்லாம் வரிசையாக விற்கிறார்கள். வெண்கல ப்ரொப்பல்லருக்கும் செம்புக் கேபிளுக்கும் இரும்பை விடப் பல மடங்கு விலை. ஆனால் தீ வந்துபோன கப்பலில் முதலில் போவது இந்தச் சாமான்கள்தான்.

நம்ம பேச்சில் இருக்கும் 'காயலான் கடை' என்ற சொல்லே காயல்பட்டினத்துக்காரர்கள் பழைய இரும்பு வியாபாரம் செய்ததில் இருந்து வந்தது என்று சொல்வார்கள். அடுத்த தடவை அந்தக் கடையைத் தாண்டும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். இரும்பு ஒரு குவியல், செம்பு ஒரு குவியல், அலுமினியம் ஒரு குவியல். தரம் பிரிப்பது என்ற மெட்டலர்ஜி பாடம் மொத்தமும் அங்கே தரையில் கிடக்கும்.

கழிக்க வேண்டிய வரிகள்

நம்ம கற்பனை ஃபெரிக்குத் திரும்புவோம். மொத்தம் 14,00,000 டாலர். அடிபட்ட கப்பல் தானாக நடக்காது, அதனால் கழித்தல் ஆரம்பிக்கிறது. எண்கள் எல்லாம் கணக்குக்காக நான் வைத்தவை, முறையை மட்டும் பாருங்கள்.

இழுவைக் கப்பல், நாளுக்கு 10,000 டாலர், 30 நாள்: 3,00,000
ஓட்டை அடைத்து, தண்ணீர் இறைத்து, எண்ணெய் எடுக்க: 2,00,000
வழியில் மூழ்கினால் என்று இன்சூரன்ஸ்: 50,000
இன்ஜின் ஓடாத கப்பல் என்பதால் வாங்குகிறவர் டன்னுக்கு 20 டாலர் குறைப்பது: 70,000

மீதி 7,80,000. இரும்பு ஒரு கிலோகூடக் குறையவில்லை, மதிப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது.

கடைசி வரி ஏன் என்று கேட்கலாம். அலங் கடற்கரையில் ஓதத்துக்கும் வற்றுக்கும் நடுவே தண்ணீர் மட்டம் ஏறக்குறைய 10 மீட்டர் மாறும். முழு ஓதத்தில் கப்பலை முழு வேகத்தில் ஓட்டிக் கரையில் ஏற்றிவிட்டு, தண்ணீர் வடிந்ததும் உடைப்பார்கள். உயிர் இல்லாத கப்பல் அப்படி ஓடிவந்து ஏறாது. இழுத்து, காத்திருந்து, வின்ச் போட்டு ஏற்ற வேண்டும்.

இந்தக் கழித்தல் எல்லாம் தாண்டியும் லாபம் நிற்கும் என்றால் கப்பல் எவ்வளவு தூரமும் போகும். 1987 மார்ச் 6-இல் பெல்ஜியத்தின் ஸேப்ருகே துறைமுகத்துக்கு வெளியே 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' கவிழ்ந்தது. முன்பக்கக் கதவை மூடாமலே கிளம்பிவிட்டது, 193 பேர் இறந்தார்கள். கப்பலுக்கு வயது ஏழுதான். நிமிர்த்தி எடுத்த பிறகு பெயரை மாற்றி, உலகத்தில் பாதி சுற்றி தைவானின் காவ்சியுங்குக்கு இழுத்துப்போய் உடைத்தார்கள்.

கழித்தல் பெரிதாகிவிட்டால்? 'எஸ்' பூஜ்யத்துக்குக் கீழே போகும். 2012-இல் இத்தாலியில் பாறையில் மோதிய கோஸ்டா கன்கார்டியாவைக் கட்ட ஆன செலவை விட, அதை நிமிர்த்தி மிதக்கவைத்து ஜெனோவாவுக்குக் கொண்டுபோன செலவு அதிகம். உள்ளே இருந்த இரும்பு அந்தச் செலவில் ஒரு மூலைக்கும் காணாது. நம்ம பாடப்புத்தகத்தில் 'எஸ்' மைனஸாக வரும் கணக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் நிஜத்தில் வரும். கெமிக்கல் டாங்குக்கு, அணு உலைக்கு, பழைய சுரங்கத்துக்கு எல்லாம் வரும்.

எழுதாமல் விடும் வரி

இப்போதுதான் முக்கியமான இடம். மேலே இருக்கும் பட்டியலில் நான் வேண்டுமென்றே ஒரு வரியை விட்டேன். ஆஸ்பெஸ்டாஸ் எடுக்க, விஷப் பெயின்ட், பழைய எண்ணெய், வாயு நிற்கும் டாங்குகளைப் பாதுகாப்பாகச் சுத்தம் பண்ண: 1,50,000 டாலர் என்று வையுங்கள்.

இரண்டு பேர் ஏலத்துக்கு வருகிறார்கள். ஒருவர் இந்த வரியைக் கழிக்கிறார். அவரால் 6,30,000 வரைதான் கேட்க முடியும். இன்னொருவர் கழிக்கவில்லை, 7,80,000 வரை போவார். கப்பல் யாருக்குக் கிடைக்கும்? இரண்டாமவருக்கு. அவர் திறமைசாலி என்பதால் இல்லை, ஒரு வரியை எழுதாததால்.

அந்த 1,50,000 காணாமல் போகவில்லை. டாங்கில் வாயு இருக்கிறதா என்று பார்க்காமல் கேஸ் கட்டர் பிடித்தவரின் உடம்பில் அது கழிகிறது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியை மூச்சில் இழுத்தவருக்குப் புற்றுநோய் வர 20, 30, 40 வருஷம்கூட ஆகும். அதற்குள் கப்பல் கம்பியாகி, கம்பி கட்டிடமாகி, கணக்குப் புத்தகத்தை மூடி பல காலம் ஆகியிருக்கும்.

இந்தச் சண்டை நம்ம உச்ச நீதிமன்றம் வரை போனது. 'எஸ்.எஸ். ஃபிரான்ஸ்' என்று பிறந்து 'நார்வே' என்று பெயர் மாறிய கப்பலில் 2003 மே மாதம் மயாமியில் பாய்லர் வெடித்து 8 ஊழியர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அது பயணிகளோடு ஓடவில்லை. 'ப்ளூ லேடி' என்ற பெயரில் 2006-இல் அலங் வந்தது. உள்ளே ஆயிரம் டன்னுக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பொருள் இருப்பதாகச் சொல்லப்பட்டது. வழக்கு நடந்து, 2007 செப்டம்பரில் உடைக்க அனுமதி கிடைத்தது.

அதன் பிறகு விதிகள் மாறின. ஹாங்காங் உடன்படிக்கை 2009-இல் எழுதப்பட்டு, 2025 ஜூன் 26-இல்தான் அமலுக்கு வந்தது. இந்தியா 2019-இல் அதில் சேர்ந்து, கப்பல் மறுசுழற்சிச் சட்டத்தையும் அதே வருடம் கொண்டுவந்தது. இதன் அடிப்படை நம்ம ஃபார்முலாவிலேயே இருக்கிறது. கப்பலுக்குள் என்னென்ன ஆபத்தான பொருள், எங்கே, எவ்வளவு என்று ஒரு பட்டியல் கப்பலோடேயே வர வேண்டும். அதாவது, அந்த வரியை எல்லாரும் கட்டாயம் எழுத வேண்டும். எல்லாரும் எழுதினால் எழுதாமல் விட்டவர் ஜெயிக்க முடியாது.

"அப்போ கப்பலை உடைக்கவே கூடாதா?" என்று கேட்டால், அதுவும் தப்பு. ஒரு டன் பழைய இரும்பை மறுபடி எஃகாக்கினால் சுமார் 1.4 டன் இரும்புத்தாதும், சுமார் 1.5 டன் கார்பன் டை ஆக்சைடும் மிச்சம் என்று எஃகுத் துறை கணக்கு சொல்கிறது. உடைப்பது நல்ல வேலை. அதைச் செய்கிறவர் சாயங்காலம் முழுசாக வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

உங்களுக்கு இது எதற்கு?

நம்மில் பலர் இன்னும் சில மாதங்களில் ஏதோ ஒரு கம்பெனியில் உட்கார்ந்து எக்செல் ஷீட்டில் ஒரு செல்லில் 'ஸ்க்ராப் வேல்யூ' என்று டைப் பண்ணப் போகிறோம். அது பாய்லராக இருக்கலாம், சோலார் பேனலாக இருக்கலாம், பேட்டரியாக இருக்கலாம். நம்பரைப் போடும் முன் நாலு கேள்வி கேளுங்கள்.

1. இந்த எடை எந்த எடை? தண்ணீரையும் சேற்றையும் காற்றையும் சேர்த்து எண்ணிவிட்டேனா?
2. உள்ளே இருப்பது ஒரே உலோகமா? எது நேராக விற்கும், எது உருக்கப் போகும்?
3. இருக்கும் இடத்திலிருந்து உடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோக என்ன ஆகும்?
4. நான் எழுதாமல் விட்ட வரி எது? அதை யார் கட்டப்போகிறார்?

முதல் மூன்றும் தப்பினால் கம்பெனிக்குப் பணம் போகும். நாலாவது தப்பினால் யாருக்கு என்ன போகும் என்று பார்த்தோம்.

வீட்டுக்கணக்கு

ஒரு ஃபெரியின் எல்.டி.டி. 2,000. டன்னுக்கு 400 டாலர். அது கரையில் இல்லை, ஆழமில்லாத கடலில் சாய்ந்து கிடக்கிறது. நிமிர்த்தி மிதக்கவைக்க 6,00,000 டாலர், இழுக்க 1,50,000, ஆபத்தான பொருள்களை அகற்ற 1,00,000. 'எஸ்' என்ன? உரிமையாளர் "எனக்கு வேண்டாம், அப்படியே கிடக்கட்டும்" என்று சொன்னால், அந்தச் செலவு அந்தக் கடற்கரையில் வலை போடுகிறவர்களுக்கு எந்த வடிவத்தில் போய்ச் சேரும்?

முதல் பாதிக்கு விடை மைனஸ் 50,000. இரண்டாவது பாதிக்கு உங்கள் விடையை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.